கிணற்று ஆழத்தில் யுரேனியம்... கோடிகளை மறுத்த மேகாலயா மூதாட்டி!

பூமிக்குள் எட்டு மீட்டர் என்பது பெரிய ஆழம் கிடையாது. நம்மூர்க் கணக்கில் 26 அடி. ஒரு தோட்டத்துக் கிணறு அதைவிட ஆழமாக இருக்கும். மேகாலயா மாநிலத்தின் தெற்கு விளிம்பில், டொமியாசியாட் என்ற மலைச் சிற்றூரைச் சுற்றி, அந்த ஆழத்திலேயே யுரேனியம் தொடங்கிவிடுகிறது. 47 மீட்டர், அதாவது சுமார் 154 அடி ஆழத்தில் முடிந்தும்விடுகிறது. கோவை, திருப்பூர் பக்கம் தண்ணீருக்காக போர் போடுபவர்கள் இதைவிடப் பல மடங்கு ஆழத்துக்குப் போகிறார்கள்.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாதுகுடாதான் இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம். அங்கே யுரேனியத்தைத் தேடி 900 மீட்டர் ஆழம் வரை இறங்க வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் டொமியாசியாட்டில் கனிமம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேல்மண்ணை நீக்கினால் போதும், வெட்டி எடுத்துவிடலாம். யுரேனியம் இருப்பது 1980-களிலேயே தெரியும். ஆனால், இன்றுவரை அங்கே சுரங்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை? அந்தக் கதையில் பாறை இருக்கிறது, மழை இருக்கிறது, நம் வீட்டு கரன்ட்டும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'எங்கள் நிலத்தைத் தர மாட்டோம்' என்ற ஒரு மூதாட்டியும் இருக்கிறார்.

யுரேனியம் அங்கே எப்படி வந்தது?

யுரேனியம் என்றதும் ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது எல்லா ஊர்ப் பாறையிலும் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. குறிப்பாக கிரானைட்டில். பிரச்னை என்னவென்றால், பரவிக் கிடப்பதை யாராலும் எடுக்க முடியாது. எங்காவது ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

மேகாலயாவில் அந்தச் சேர்க்கும் வேலையைத் தண்ணீர் செய்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களின் கடைசிக் காலத்தில், அங்கிருந்த கிரானைட் மலைகள் மழையில் கரைந்தன. ஆக்சிஜன் கலந்த தண்ணீரில் யுரேனியம் எளிதாகக் கரையும். அப்படிக் கரைந்த யுரேனியம், ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலுக்குள் ஊறி ஓடியது. அந்த மணலில் மட்கிய மரங்களும் இலைகளும் புதைந்திருந்தன. அவை தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் யுரேனியம் கரைந்த நிலையில் இருக்க முடியாது. அங்கேயே படிந்துவிட்டது. மணல் இறுகி மணற்பாறை ஆனது. 'மகாதேக் மணற்பாறை' என்று நிலவியலாளர்கள் அழைப்பது இதைத்தான்.

இந்த ரசாயனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எப்படித் தேடுகிறார்கள்?

இந்தியாவில் யுரேனியம் தேடும் பொறுப்பு, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிமங்கள் இயக்ககத்திடம் இருக்கிறது. 1949-ல் தொடங்கிய அமைப்பு. கண்டுபிடிப்பது இவர்கள் வேலை. வெட்டி எடுப்பது, 1967-ல் உருவான இந்திய யுரேனியக் கழகத்தின் வேலை.

முதலில் விமானம் அல்லது ஹெலிகாப்டரில் கருவிகளைக் கட்டிக்கொண்டு தாழ்வாகப் பறப்பார்கள். யுரேனியம் சிதையும்போது உருவாகும் பொருள்களிலிருந்து காமா கதிர்கள் வெளிவரும். அந்தக் கதிர் எங்கே வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு தரையில் நடந்தே போய், கையடக்கக் கருவியால் பாறை பாறையாகச் சோதிப்பார்கள். ஓடைத் தண்ணீரையும் மண்ணையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காமா கதிர் மண்ணுக்குள்ளிருந்து அதிக தூரம் வராது. மேலே இருக்கும் ஒரு முழ மண் போதும், பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் வானிலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரிவது நிலத்தின் மேல்தோல் மட்டும்தான். கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் துளை போட்டே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கில் துளைகள். ஒவ்வொன்றிலும் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர் என்று குறித்து, அந்தப் புள்ளிகளை இணைத்து கனிமத்தின் வரைபடத்தை வரைவார்கள்.

டொமியாசியாட்டில் அப்படித்தான் வரைந்தார்கள். கிடைத்த கணக்கு: 92 லட்சம் டன்னுக்கு மேல் தாது. தரம் சுமார் 0.1 சதவிகிதம். வெளிநாட்டுச் சுரங்கங்களோடு ஒப்பிட்டால் இது சுமார்தான். ஆனால், ஜாதுகுடாவில் கிடைப்பதைவிட மேல். 1990-களில் சோதனைக்காகச் சிறிய அளவில் தோண்டியும் பார்த்தார்கள். தங்கள் பகுதியில் நோய்கள் அதிகமானது அதற்குப் பிறகுதான் என்று உள்ளூர் மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஆய்வுப் பணிகளால் பாதிப்பு இல்லை என்பது அதிகாரிகளின் பதில்.

கல்பாக்கத்துக்கும் மேகாலயாவுக்கும் என்ன தொடர்பு?

'எங்கேயோ இருக்கும் மலையில் கிடைப்பது நமக்கெதற்கு' என்று நினைத்துவிட முடியாது. கூடங்குளம் அணு உலைகள் ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுபவை. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் அப்படியல்ல. அது இயற்கை யுரேனியத்தில் ஓடும்படி கட்டப்பட்டது. அதோடு, சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்குக் கீழ் இந்தியா கொண்டுவராத உலைகளில் அதுவும் ஒன்று. இப்படிப்பட்ட உலைகளுக்கு இறக்குமதி செய்த யுரேனியத்தைப் பயன்படுத்தக் கூடாது. சொந்த மண்ணில் தோண்டியதைத்தான் போட வேண்டும்.

2007, 2008 வாக்கில் நாட்டில் யுரேனியத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பல அணுமின் நிலையங்கள் பாதித் திறனில்தான் ஓடின. மேகாலயா யுரேனியத்துக்காக டெல்லி அவசரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வகை உலையில் ஒரு கிலோ இயற்கை யுரேனியத்திலிருந்து ஏறக்குறைய 48,000 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு 20 ஆண்டுகளுக்குப் போதும். புகை இல்லை. நிலக்கரி எரித்து வரும் கார்பனும் இல்லை. யுரேனியம் வேண்டும் என்பவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு கிலோ நமக்கு... மீதி 999 கிலோ?

இப்போது மறுபக்கம். 0.1 சதவிகிதம் என்றால், ஒரு டன் பாறையை உடைத்தால் சுமார் ஒரு கிலோ யுரேனிய ஆக்சைடு கிடைக்கும். மீதமுள்ள 999 கிலோவையும் மாவாக அரைத்து, ரசாயனத்தில் ஊறவைத்து, சக்கையாகக் கொட்டியாக வேண்டும். யுரேனியத்தை எடுத்துவிட்டால் சக்கை சாதாரண மண் ஆகிவிடாது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவிகிதம் சக்கையில்தான் தங்குகிறது. யுரேனியம் சிதைந்து உருவான தோரியம்-230, ரேடியம்-226 போன்றவை அதில் அப்படியே இருக்கும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

டொமியாசியாட் பகுதியில் ஆண்டுக்கு 3.75 லட்சம் டன் தாதுவைத் திறந்தவெளிச் சுரங்கம் மூலம் எடுக்கலாம் என்பது திட்டம். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே அளவு சக்கையைப் பத்திரமாகக் கொட்டி வைக்கவும் இடம் வேண்டும்.

இங்கேதான் அந்த ரசாயனம் திரும்ப வருகிறது. யுரேனியம் அந்தப் பாறையில் இத்தனை கோடி ஆண்டுகள் அசையாமல் இருந்ததற்குக் காரணம், ஆக்சிஜன் படாமல் இருந்ததுதான். தோண்டி, உடைத்து, காற்றும் மழையும் பட வைத்தால், மிச்சமிருக்கும் யுரேனியம் மறுபடி கரையத் தொடங்கும். எந்தத் தண்ணீர் அதைக் கொண்டுவந்து சேர்த்ததோ, அதே தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்.

மேகாலயாவில் மழைக்குப் பஞ்சமே இல்லை. உலகிலேயே அதிக மழை பெய்யும் மௌசின்ராமும் சிரபுஞ்சியும் இதே பீடபூமியின் தெற்கு விளிம்பில்தான் இருக்கின்றன. டொமியாசியாட் பகுதியில் பெய்யும் மழை கின்ஷி ஆற்றில் சேர்ந்து, எல்லையைத் தாண்டி, வங்கதேசத்துக்குள் ஜாதுகாட்டா என்ற பெயரில் ஓடுகிறது. இப்படியொரு மழையில், சக்கைக் குளத்தின் கரை எத்தனை நூறு ஆண்டுகள் தாங்கும் என்ற கேள்விக்கு யாராலும் எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

பயம் கற்பனையில் பிறந்ததும் அல்ல. 2006 டிசம்பரில், ஜாதுகுடாவில் சக்கையைக் கொண்டுசெல்லும் குழாய் வெடித்து, கழிவு ஓடையில் கலந்தது. மேகாலயாவுக்குள்ளேயே இன்னொரு பாடம் இருந்தது. கிழக்கு ஜைந்தியா மலைப் பகுதியில் கட்டுப்பாடில்லாமல் நிலக்கரி தோண்டியதில் ஆறுகள் அமிலமாக மாறின. லூக்கா ஆறு குளிர்காலம் வந்தால் நீல நிறமாகிவிடும். மீன்கள் செத்து மிதந்தன. தோண்டினால் தண்ணீர் என்ன ஆகும் என்பதை அந்த மாநிலத்து மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

நிலம் யாருடையது?

இந்தியாவின் பெரும்பாலான இடங்களில், அரசு ஒரு கனிமத்தை எடுக்க முடிவு செய்தால் நிலத்துக்காரர் இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகத்தான் வேண்டும். மேகாலயாவில் நிலைமை வேறு. அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணையின் கீழ் வரும் பகுதி அது. நிலத்தில் பெரும்பகுதி அரசிடம் இல்லை; குலங்களிடமும் தனிநபர்களிடமும் இருக்கிறது. யுரேனியத்தின் மீது மத்திய அரசுக்கு 1962-ம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது. ஆனால், அதன் மேலே இருக்கும் மண்ணுக்கு சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும்.

காஸி இன மக்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. அங்கே பரம்பரை, தாய்வழியில் போகும். பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர்தான். குடும்பச் சொத்தைக் காப்பது வீட்டின் கடைக்குட்டி மகள். அதனால், யுரேனியத்துக்கு மேலே இருந்த நிலத்தைப் பற்றிப் பேச வந்த அதிகாரிகள் பெண்களிடமும் பேச வேண்டியிருந்தது.

அப்படி ஒருவர்தான் ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின். 'கோங் ஸ்பெலிட்டி' என்று மாநிலமே அவரை அழைத்தது. காஸி மொழியில் 'கோங்' என்றால் அக்கா. டொமியாசியாட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களோடு, ஒழுங்கான சாலைகூட இல்லாத இடத்தில் வாழ்ந்தவர். அவருடைய நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டார்கள். அதற்கு 45 கோடி ரூபாய் வரை பேசப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அவர் மறுத்துவிட்டார். பணம் தன் சுதந்திரத்தை வாங்கித் தராது என்பதே அவர் சொன்ன காரணம்.

அவர் நினைத்திருந்தால் குடும்பத்தோடு ஷில்லாங்கில் வசதியாகக் குடியேறியிருக்கலாம். கடைசிவரை மறுப்பில் மாறாமல் இருந்த அவர், 2020 அக்டோபரில், 95-வது வயதில் காலமானார். யுரேனிய எதிர்ப்பின் முகமாகவே காஸி மாணவர் சங்கம் அவரைக் கொண்டாடியது.

எல்லோரும் எதிர்த்தார்களா?

இல்லை. அதையும் சொல்ல வேண்டும். 2007 ஜூனில் நோங்பா ஜின்ரின் என்ற இடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது, வெளியே எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. அதே பகுதியில் திட்டத்தை வரவேற்ற நில உரிமையாளர்களும் இருந்தார்கள். ஒரு பிரசவ அவசரத்துக்குக்கூட மலைப்பாதையில் மணிக்கணக்கில் நடக்க வேண்டிய ஊரில், 'சுரங்கம் வந்தால் சாலை வரும், பள்ளி வரும், ஆஸ்பத்திரி வரும், வேலை கிடைக்கும்' என்று ஒருவர் நினைப்பதில் என்ன தவறு?

மாநில அரசும் அந்த ஆசையைத்தான் முன்வைத்தது. 2009 ஆகஸ்ட்டில், சுரங்கத்துக்கு முந்தைய வளர்ச்சிப் பணிகளுக்காக 422 ஹெக்டேர் நிலத்தை யுரேனியக் கழகத்துக்கு 30 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. சாலை உள்ளிட்ட வசதிகளுக்கு 209 கோடி ரூபாய் திட்டம். மாணவர் சங்கம் கடையடைப்பு, சாலை மறியல் என்று வீதிக்கு வந்தது. பணிகள் நகரவே இல்லை. 2016 ஆகஸ்ட்டில் அந்த முடிவை மேகாலயா அமைச்சரவையே ரத்து செய்தது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாலையும் ஆஸ்பத்திரியும் ஒரு குடிமகனுக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டியவை. அவற்றை யுரேனியத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், அந்த மக்கள் சம்மதிப்பது சுரங்கத்துக்கா, சாலைக்கா என்பதே தெரியாமல் போய்விடும்.

2020-ல், நோங்பா ஜின்ரின் பகுதியில் பழைய ஆய்வுக் காலத்துத் தொட்டிகளிலிருந்து கசிவு இருப்பதாக மாணவர் சங்கம் குற்றம் சாட்டியது. அணுக் கனிமங்கள் இயக்ககம் அதை மறுத்தது. தோண்டாத சுரங்கத்தைப் பற்றிய சந்தேகம்கூட அங்கே இன்னும் அடங்கவில்லை என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை

மேல்மட்டத்தில் யுரேனியம் கிடைப்பது மேகாலயாவில் மட்டும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் யீலிரி என்ற இடம் இருக்கிறது. 1972-ல் அங்கே கண்டுபிடித்த யுரேனியம், தரையிலிருந்து பத்து மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே மழை குறைவு. ஆனால், சுண்ணாம்புப் படிவத்துக்குள் நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த நீருக்குள், உலகில் வேறெங்கும் இல்லாத கண் தெரியாத சிற்றுயிர்கள் வாழ்கின்றன. சுரங்கம் வந்தால் அவற்றில் சில இனங்கள் அடியோடு அழியலாம் என்று மாநிலத்தின் சுற்றுச்சூழல் ஆணையமே எச்சரித்தது. அதையும் மீறி 2017-ல் மாநில அரசு அனுமதி கொடுத்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஜிவார்ல் மக்கள், குறிப்பாகப் பெண்கள், நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். வழக்கில் வெல்ல முடியவில்லை. ஆனால், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலை தொடங்காததால் 2022-ல் அனுமதியின் கெடு முடிந்துபோனது.

இரண்டு இடங்களையும் வரைபடத்தில் பார்த்தால் 'தொலைதூரம்' என்று எழுதத் தோன்றும். அங்கே வாழ்பவர்களுக்கு அது தொலைதூரம் இல்லை. அடுப்படிக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கும் நிலம். யுரேனியம் மேலாகக் கிடைத்தால் தோண்டும் செலவு குறையும். அதே காரணத்தால், குடிக்கிற தண்ணீருக்கும் விளைகிற மண்ணுக்கும் மிக அருகில் கை வைக்க வேண்டியும் வரும்.

இப்போது என்ன நிலை?

2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்பது இந்தியாவின் இலக்கு. 2025-ல் இருந்த திறன் ஒன்பதாயிரம் மெகாவாட்டுக்கும் கீழே. இந்த இடைவெளியை நிரப்ப யுரேனியம் நிறைய வேண்டும். ஆகவே டொமியாசியாட் மறுபடியும் பேச்சில் வருகிறது.

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு வெளியிட்டது. அணுக் கனிமங்களையும், நாட்டுக்கு மிக முக்கியம் என்று பட்டியலிட்ட மற்ற கனிமங்களையும் எடுக்கும் திட்டங்களுக்கு, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தத் தேவையில்லை என்றது அந்த உத்தரவு. பாதுகாப்புத் தேவையும் அவசரமும் காரணமாகச் சொல்லப்பட்டன. மேகாலயாவில் உடனே எதிர்ப்பு கிளம்பியது. 2007-ல் நோங்பா ஜின்ரினில் நடந்தது போன்ற ஒரு கூட்டம் இனி நடக்காமலேயே போகலாம் என்பது அவர்களின் கவலை.

அப்படிப்பட்ட கூட்டங்கள் கூச்சலும் குழப்பமுமாக முடிவது உண்டுதான். ஆனாலும், சக்கைக் குளம் எங்கே வரும், மழை வெள்ளத்தில் அது என்ன ஆகும், ஆற்றுத் தண்ணீரை யார் சோதிப்பார்கள், முடிவுகளை உள்ளூர் மொழியில் யார் சொல்வார்கள் என்று அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்க, ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். 'வேண்டும்' என்பவர்களும் தங்கள் நிபந்தனைகளை அங்கேதான் பதிவு செய்ய முடிந்தது.

நிலத்துக்காரரின் சம்மதம், தன்னாட்சி மாவட்டக் கவுன்சிலின் நிலைப்பாடு, மாநில அரசின் முடிவு என்று மேகாலயாவுக்கு வேறு சில கதவுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு இல்லாத மாநிலங்களில் யுரேனியம் கிடைக்கும் ஊர்க்காரர்கள் இனி எங்கே போய்க் கேட்பார்கள் என்பதற்கு அந்த உத்தரவில் பதில் இல்லை.